படம் போட்டால் மார்க் கிடைக்காத தேர்வு

எம்.டெக் சேருவதற்கான கேட் தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கியதும் எங்கள் சிவில் டிபார்ட்மென்ட் ஃபைனல் இயர் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். "சார், எந்த கோச்சிங் நல்லா இருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் பதில் சொல்லாமல் ஒரு கணக்கைக் கொடுப்பேன். முழுக்க நீர் நிறைந்த மண், நீரளவு 20 சதவீதம், ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 2.7. வாய்ட் ரேஷியோ, அதாவது மண் துகள்களின் கன அளவோடு ஒப்பிட்டால் இடைவெளிகளின் கன அளவு, எவ்வளவு?

பையன் உடனே பென்சிலும் ஸ்கேலும் எடுப்பான். மண், நீர், காற்று மூன்றையும் தனித்தனிக் கட்டமாகக் காட்டும் த்ரீ ஃபேஸ் டயகிராம் வரைவான். நீர் நிறைந்த மண்ணில் காற்றே கிடையாது, ஆனாலும் பழக்க தோஷத்தில் காற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அப்புறம் 'கிவன் டேட்டா', ஃபார்முலா, 0.2-ஐ 2.7-ஆல் பெருக்கி கடைசியில் 0.54, அதைச் சுற்றி ஒரு பெட்டி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வில் 13 மார்க் கேள்விக்கு அப்படித்தான் எழுத வேண்டும். படத்துக்கு இவ்வளவு, ஃபார்முலாவுக்கு இவ்வளவு என்று ஸ்டெப் ஸ்டெப்பாகத்தான் நானும் பேப்பர் திருத்துகிறேன். விடை தப்பினாலும் பாதிக்கு மேல் தேறிவிடும்.

கேட்டில் அந்தக் கருணை கிடையாது. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். நியூமரிக்கல் கேள்வி என்றால் திரையில் ஒரு காலிக் கட்டம். அதில் எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். 20 சதவீதத்தை அவசரத்தில் 20 என்றே வைத்துப் பெருக்கி 54 என்று போட்டால் சுழி. கிறுக்கிப் பார்க்கத் தரும் தாளை யாரும் திருத்தப்போவதில்லை.

ஆப்ஷன் இல்லையே என்று பிள்ளைகள் இந்தக் கேள்விகளைக் கண்டு பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் நியாயமான கேள்வி. தப்பினால் மார்க் குறையாது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் அந்த 54-ம் ஒரு ஆப்ஷனாகப் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தொட்டால் ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு போச்சு, இரண்டு மார்க் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 2021-லிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகளும் வருகின்றன. அதில் மைனஸ் இல்லை, ஆனால் ஒன்றை விட்டாலும் மொத்தமும் போய்விடும்.

கால்குலேட்டர் சமாசாரம் தனி. நான்கு வருடம் கட்டைவிரல் பழகிய கேசியோவை உள்ளே கொண்டுபோக முடியாது. திரையில் இருப்பதை மவுஸால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த வேண்டும். கீபோர்டு வேலை செய்யாது. டிசம்பர் வந்ததும் கேசியோவை அம்மாவிடம் கொடுத்து பீரோவில் பூட்டச் சொல்லிவிடுங்கள் என்பேன்.

ரிசல்ட் வந்த பிறகு இன்னொரு கூத்து. மார்க் வேறு, ஸ்கோர் வேறு. பொதுப் பிரிவின் தகுதி மார்க் எடுத்தவருக்கு ஸ்கோர் 350. உச்சியில் இருக்கும் 0.1 சதவீதம் பேர் அல்லது முதல் 10 பேர், இதில் எது பெரிய கூட்டமோ அதன் சராசரிக்கு 900. மற்றவர்கள் அந்த அளவுகோலில் விழுவார்கள். ஆக 600 ஸ்கோர் என்றால் 60 மார்க் என்று அர்த்தமில்லை. 'குவாலிஃபைட்' ஆனதுமே சில கல்லூரிகள் ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டிவிடுகின்றன. அதை நம்பி ஐஐடி சீட் கிடைத்த மாதிரியே சொந்தக்காரர்களும் பேச, பையன் நெளிகிறான். தகுதி மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு ஐஐடியில் நல்ல எம்.டெக் சீட் வாங்க முடியாது. ஆனால் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், அவசரமில்லை.

கோச்சிங்குக்கு வருவோம். பழைய கேள்வித்தாள்கள் ஐஐடி தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இலவசம். முதலில் அதை முடித்துவிட்டு வா, அப்புறம் பணம் கட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்பேன். "மேத்ஸை மட்டும் விட்டுடலாமா சார்?" என்று ஒருவனாவது கேட்பான். நூறு மார்க்கில் ஆப்டிட்யூட் 15, மேத்ஸ் 13, சேர்த்தால் 28. சிவிலில் பொதுப் பிரிவு கட்-ஆஃப் சமீப வருடங்களில் 30-க்கு முன்னே பின்னேதான்.