நூறு கிருமியும் இரண்டு லட்சம் செல்லும்

பி.எச்டி. சேர்ந்த முதல் வாரம் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "உள்ள போற அன்னைக்குக் காலைல காபி, தண்ணி எல்லாத்தையும் அளவா வச்சுக்கோ." காசநோய் ஆராய்ச்சி பற்றி எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை இதுதான். உள்ளே என்றால் பி.எஸ்.எல்-3 ஆய்வகம், காற்றில் பரவும் ஆபத்தான கிருமிகளோடு வேலை செய்வதற்கான பாதுகாப்பு அறை. இரண்டு கதவு, இரண்டு ஜோடி கையுறை, பின்பக்கம் கட்டும் கவுன், காலுக்கு உறை, முகத்தில் என்95. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நுழைந்துவிட்டால் பாத்ரூம் போக வேண்டும் என்பதற்காக வெளியே வருவது பெரிய பாடு. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. காற்று உள்நோக்கித்தான் ஓடும், வெளியேறுவது ஹெபா வடிகட்டி வழியாக மட்டும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, தலைக்கு மேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்துக் கசப்புத் திரவத்தைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் ஃபெயில். எனக்கு மூன்றாவது மாடலில்தான் கசக்காமல் இருந்தது. உள்ளே போன நோட்டு வெளியே வராது, பேனாவும் வராது. எழுதிய பக்கத்தைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிப் பிடிப்பேன். வெளியே நிற்கும் ஜூனியர் போனில் படம் எடுத்துக்கொள்வாள். என் ஆய்வேட்டின் பாதித் தரவு அப்படி ஜன்னல் வழியாக வந்ததுதான்.

ஊரில் அத்தைக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. "ஏட்டி, டிபி கிருமி கூடயா வேல பாக்க? பொண்ணு பாக்க வாரவங்க கிட்ட ‘ஏதோ ஆராய்ச்சி’ன்னு மட்டும் சொல்லு தாயி" என்றாள். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். நோய் குணமான பிறகும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருமலில் கிளம்பும் காசநோய்க் கிருமி மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகிறது. அங்கே அதை முதலில் விழுங்குவது அல்வியோலார் மேக்ரோபேஜ் என்ற செல். தூசி, செத்த செல், பழைய கொழுப்பு என்று காற்றறையைப் பெருக்கித் துடைப்பது அதன் அன்றாட வேலை. எலிகளில் பார்த்தால், தொற்றின் முதல் சில நாட்கள் கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே இந்தச் செல்களுக்குள்தான் இருக்கின்றன. விழுங்கிய பிறகு அந்தச் செல்லின் மரபணுச் செயல்பாடு எப்படி மாறுகிறது? இதுதான் எனக்குக் கொடுத்த கேள்வி.

மரபணுச் செயல்பாடு என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் அடுப்படியைக் காட்டித்தான் சொல்வேன். எல்லா வீட்டிலும் அதே பாத்திரம், அதே மளிகை. இன்றைக்கு அடுப்பில் என்ன ஏறியிருக்கிறது என்பதுதான் வீட்டுக்கு வீடு, வேளைக்கு வேளை மாறுகிறது. செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றுதான். எந்த மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். ஆர்.என்.ஏ.வைப் பிரித்து வரிசைப்படுத்தி எண்ணினால் அடுப்பில் இருப்பது தெரிந்துவிடும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோபேஜ்களைத் தட்டில் வைத்துக் கிருமியை ஊற்றினால் என்ன ஆகும் என்பது பல வருடங்களாகத் தெரியும். சில மணி நேரத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 பீட்டா என்று அபாயச் சங்கு ஊதும் மரபணுக்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். ஆனால் எலியின் நுரையீரலுக்கு டி செல்கள், அதாவது கிருமியைக் குறிவைத்துத் தாக்கும் நோயெதிர்ப்புப் படை, வந்து சேரவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. "முதல் நாளே சங்கு ஊதியிருந்தா, ஆள் வர ஏன் இவ்வளவு நாளாகுது?" என்று என் ஆய்வு வழிகாட்டி மேடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "அப்ப போய்ப் பாரு" என்றார்.

பார்ப்பதற்கு முன் காகிதங்கள். விலங்கு நெறிக்குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு. ட்ரைசோல் என்ற ரசாயனத்தில் கரைத்த செல்லில் உயிருள்ள கிருமி இல்லை என்று நிரூபித்தால்தான் அந்தக் குழாயை வெளியே கொண்டுவர அனுமதி. கரைசலைத் தட்டில் தடவி ஆறு வாரம் காத்திருந்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று காட்டினேன். இந்தக் கிருமியோடு வேலை செய்தால் நாட்காட்டியே மாறிவிடும். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும்; இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். தட்டில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வர மூன்று வாரம். ஏரோசால் பெட்டியில் எலிகளை வைத்துக் கிருமிப் புகையைச் சுவாசிக்க விடுவோம். எத்தனை கிருமி உள்ளே போனது என்பதும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் சோதனையே முடிந்திருக்கும்.

முதல் சோதனையில் வழக்கமான அளவு வைத்தேன்: ஒரு எலிக்குச் சுமார் 100 கிருமி. மறுநாள் நுரையீரலை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் முக்கால் மணி நேரம் குலுக்கி, செல்களைப் பிரித்து, காந்த மணிகளால் அல்வியோலார் மேக்ரோபேஜ்களை மட்டும் பொறுக்கினேன். ஒரு எலிக்கு இரண்டு லட்சம் செல் தேறியது. பெருமையாக இருந்தது. நூறு கிருமிக்கு இரண்டு லட்சம் செல் என்ற கணக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை என்று இன்னும் புரியவில்லை. மகாமகக் கூட்டத்தில் நூறு பேருக்குக் காய்ச்சல் என்றால், மொத்தக் கூட்டத்தின் சராசரி உடல் வெப்பத்தை அளந்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா? நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் தரவில் ஏதோ வந்தது, அதுதான் வினை. ஃபாஸ், ஜுன், ஈ.ஜி.ஆர்.1, வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்கள் எல்லாம் உச்சத்தில் இருந்தன. குரூப் மீட்டிங்கில் ‘தொற்றால் தூண்டப்பட்டவை’ என்று தலைப்புப் போட்டுக் காட்டினேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கன்ட்ரோல் எலி எங்கே?" கன்ட்ரோல் எலிகளை, அதாவது கிருமி கொடுக்காதவற்றை, வேறொரு நாள் செய்திருந்தேன், அன்றைக்கு நொதியில் கொஞ்ச நேரம்தான் வைத்திருந்தேன். திரும்பவும் கன்ட்ரோல் எலிகளை மட்டும் எடுத்து முக்கால் மணி நேரம் குலுக்கிப் பார்த்தேன். கிருமியே படாத அந்தச் செல்களிலும் ஃபாஸ், ஜுன் எகிறிக் கிடந்தன. காரணம் கிருமி இல்லை, என் குலுக்கல். விருந்தாளி கதவைத் தட்டினதும் வீட்டில் காபிப் பாத்திரம் அடுப்பில் ஏறுமே, அந்தக் கதை. வீட்டில் வழக்கமாக என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கப் போன நான், எனக்காகப் போட்ட காபியைப் பார்த்துவிட்டு ‘இந்த வீட்டில் எந்நேரமும் காபிதான்’ என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எட்டு மாத வேலை போச்சு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் அழுதேன், அதை விரிவாக எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன். நொதியைக் கைவிட்டேன். கொன்ற எலியின் மூச்சுக்குழாயில் ஊசிக் குழாயைச் செருகி, ஐஸில் வைத்த உப்புக் கரைசலை மெதுவாக உள்ளே விட்டு, திரும்ப உறிஞ்சினேன். லாவேஜ் என்பார்கள். ஒரு முறைக்கு ஒரு மில்லிக்கும் குறைவாக, பத்துத் தடவை. வேகமாக உறிஞ்சினால் ரத்தம் கலந்துவிடும். கட்டைவிரல் பழக இரண்டு மாதம் ஆனது. கரைசல்களில் ஆக்டினோமைசின்-டி சேர்த்தேன், அது புதிதாக ஆர்.என்.ஏ. படியெடுப்பதை நிறுத்திவைக்கும். செல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. ஆனால் கன்ட்ரோல் எலியில் ஃபாஸ் அடங்கியது. கன்ட்ரோலும் தொற்றும் இனி ஒரே நாளில், ஒரே தட்டில். முதல் நல்ல மாதிரிகள் பொங்கல் விடுமுறையில் கூரியர் கிடங்கில் கிடந்து, உலர்பனி காலியாகி, ஆர்.என்.ஏ. நைந்து போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

மூன்றாவது வருடம் எங்கள் பி.எஸ்.எல்-3க்குள் செல் சார்ட்டர் வந்தது. அது வந்ததால்தான் பட்டம் கிடைத்தது என்பேன். பச்சையாக ஒளிரும் புரதத்தைச் சுமக்கும் எச்37ஆர்வி கிருமியை எடுத்தோம். 1905இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்த வகையின் வழிவந்தது, உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஓடுவது. அளவையும் ஒரு எலிக்குச் சில ஆயிரம் கிருமி என்று ஏற்றினோம். பச்சை செல்லை மட்டும் இயந்திரம் பொறுக்கித் தரும். கிருமியே இல்லாத எலியின் செல்களை முதலில் ஓட்டிப் பார்த்தபோது திரையில் அதுவும் பச்சை! இந்தச் செல்கள் காலம் பூராவும் விழுங்கி வைத்திருக்கும் குப்பை, லேசர் பட்டால் தானாக ஒளிரும். ஆனால் குப்பை பச்சையிலும் மஞ்சளிலும் சேர்ந்து ஒளிரும், கிருமி பச்சையில் மட்டும். இரண்டு நிறத்தையும் எதிரெதிர் அச்சில் போட்டால் குப்பை ஒரு சாய்கோடாக வரிசையில் நிற்கிறது. அதிலிருந்து விலகி, பச்சைப் பக்கம் சிதறிய புள்ளிகள்தான் எனக்கு வேண்டியவை. ஐந்து எலிகளின் செல்லைச் சேர்த்து நாலாயிரம் கூடத் தேறவில்லை. முன்பு இரண்டு லட்சத்துக்குப் பெருமைப்பட்டவள், அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடப் பயந்தேன்.

தரவு வந்தது. சங்குச் சத்தம் இல்லை. டி.என்.எஃப். எழவில்லை, இன்டர்லூக்கின்-1 பீட்டா அசையவில்லை. எழுந்தது வேறு கூட்டம்: எச்மாக்ஸ்1, என்.கியூ.ஓ.1, ஜி.சி.எல்.எம். எல்லாம் ஆக்சிஜன் நச்சிலிருந்து செல் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்துபவை; என்.ஆர்.எஃப்.2 என்ற ஒரே புரதத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. சாதாரணமாக அந்தப் புரதத்தை இன்னொரு புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். செல்லுக்கு நெருக்கடி வந்தால் பிடி தளர்ந்து, அது உட்கருவுக்குள் போய் இந்த மரபணுக்களை எழுப்பிவிடும். உள்ளே எதிரி உட்கார்ந்திருக்கிறான், செல் ஊரைக் கூப்பிடாமல் தன் வீட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறது.

நம்பவில்லை. முன்பு பட்ட அடி. கிருமி செத்துப்போயிருக்குமோ? தட்டில் தடவி மூன்று வாரம் காத்திருந்தேன், கொழுகொழுவென்று முளைத்தது. இதுவும் என் கைவண்ணமாக இருக்குமோ? இதற்குத்தான் சார்ட்டரின் அருமை. அதே எலி, அதே குழாய், அதே ஐஸ், ஆனால் பச்சை இல்லாத பக்கத்துச் செல்களையும் சேர்த்தே பொறுக்கியிருந்தோம். என் கைதான் காரணம் என்றால் அவற்றிலும் எச்மாக்ஸ்1 எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. அப்புறம் அல்வியோலார் மேக்ரோபேஜை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் கிருமி கொடுத்தோம். அங்கே சங்கு ஊதியது. நுரையீரலுக்குள் இருக்கும்போது மட்டும்தான் இந்த அமைதி.

மேடத்திடம் காட்ட ஸ்லைடு தயார் செய்துகொண்டிருந்த வாரத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழு ஒன்றின் கட்டுரை வெளிவந்தது. 2019, ‘சயின்ஸ் இம்யூனாலஜி’ இதழ். அதே உத்தி, அதே என்.ஆர்.எஃப்.2, என்னைவிட நேர்த்தியாக. அதோடு நிற்கவில்லை. என்.ஆர்.எஃப்.2 இல்லாத எலிகளில் ஆரம்பக் கிருமி வளர்ச்சி குறைகிறது, அதாவது செல்லின் இந்தத் தற்காப்பு கிருமிக்குத்தான் வசதி என்றும் காட்டியிருந்தார்கள். பத்தாவது நாளில்தான் சங்கு ஊதும் அழற்சி மரபணுக்கள் நன்றாக எழுகின்றன, அப்போதும் கிருமி உள்ள செல்லைவிடப் பக்கத்தில் சும்மா இருக்கும் செல்தான் அதிகம் கத்துகிறது என்பதும் அதில் இருந்தது.

முந்திவிட்டார்களே என்று ஒரு நாள் பூராவும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை, அவர்கள் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே எழுந்த மரபணுக்களின் பட்டியல் அப்படியே ஒத்துப்போனது. அந்தத் தாள் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மேடம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி, இப்ப மனுஷன்ல பாரு" என்றார்.

மனித மாதிரி என்றால் மூச்சுக்குழாய் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வருபவர்களிடம், மருத்துவத் தேவை போக மிஞ்சும் லாவேஜ் திரவம். முதலில் சம்மதம் தந்தவர் ஐம்பது வயதிருக்கும், பீடி பிடிப்பவர். படிவத்தை நான் வாசித்துக் காட்டக் காட்டப் பொறுமையாகக் கேட்டார். "இதுல எனக்கு என்ன தெரியும்மா?" என்றார். "உங்களுக்கு நேரா ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. டாக்டர் சொல்ற ரிசல்ட் வேற, இது வேற" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீணாக் கொட்டுறதுதானே, எடுத்துக்க" என்று கையெழுத்துப் போட்டார்.

குழாய் ஐஸ் வாளியில் வந்தது. சுழற்றி எடுத்ததும் அடியில் படிந்த செல்கள் வெள்ளையாக இல்லை, அடுப்புக்கரி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் கரும்புள்ளிகள். சார்ட்டரில் ஓட்டினோம். திரை முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லா அச்சிலும். சாய்கோட்டையே காணோம். ஆபரேட்டர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப எதும்மா பொறுக்கணும்?"