காப்பகத்து வாசலில் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள்

விடிவதற்கு முன் மிருகக் காப்பகத்து வாசலில் யாரோ ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஐந்தாறு நாய்க்குட்டிகள். வைத்தவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குட்டிகளில் ஒன்றுக்கு, நாய்களின் குடலைத் தாக்கும் பாவோ வைரஸ் தொற்றியிருந்தால், வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்குவதற்கு முன்பே அதன் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். மண்ணிலும் சீமெந்து வெடிப்புகளிலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி போடாத மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாய் விழும். காப்பகம் பிறகு பல வாரங்களுக்குப் புதிய பிராணி எதையும் எடுக்க முடியாது.

அதனால் காப்பகத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, கண்டெடுத்த குட்டிகளை இரண்டு மூன்று கிழமைக்கு உங்கள் வீட்டிலேயே வைத்திருப்பதுதான். காப்பகத்தோடு தொலைபேசியில் கதைத்து, அவர்கள் சொல்லும் மிருக வைத்தியரிடம் காட்டி, பிறகு ஒப்படையுங்கள். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிளாட்டில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். வீட்டுச் சொந்தக்காரரிடமும் கட்டட நிர்வாகத்திடமும் முதலே கேட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் "நாய் வைக்கக்கூடாது" என்று பிரச்சினை வந்தால் குட்டிகள் திரும்பவும் பெட்டிக்குள்தான் போகும்.

தேவையானது டைல்ஸ் போட்ட ஒரு சின்ன இடம்: பாவிக்காத குளியலறை அல்லது கதவு பூட்டக்கூடிய பல்கனி. தரையில் பழைய பத்திரிகைகளை நாலைந்து அடுக்காக விரியுங்கள். 14 நாள் மற்ற நாய் எதுவும் கிட்டப் போகக்கூடாது. அந்த அறைக்கென்று ஒரு சோடிச் செருப்பு வையுங்கள், ஏனென்றால் வைரஸ் செருப்பிலும் பயணம் செய்யும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில். அதன்பின் 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. குடற்புழுவுக்கான பூச்சி மருந்தை 2 வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது. ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவேண்டாம்.

பூனைக்குட்டி என்றால் முதலில் தொடாதீர்கள். கூரையிலும் கடைப் பின்புறத்திலும் தனியாகக் கிடக்கும் குட்டிக்குத் தாய் பெரும்பாலும் இரை தேடப் போயிருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வராவிட்டால்தான் எடுக்கவேண்டும். எடுத்த கையோடு பால் கொடுக்கவும் கூடாது. குளிர்ந்துபோன குட்டியால் பாலைச் செரிக்க முடியாது. சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அருகில் வைத்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் பால். மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். பூனைக்குட்டிகளுக்கான பால்மாவையே வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் 2–3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்கப் பிடிக்கவேண்டும். மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். கைவளர்ப்புக் குட்டிகள் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிப்பகுதியைத் தடவிவிடுங்கள், மூன்று வாரம் வரை அவற்றால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. சமையலறைத் தராசில் தினமும் நிறுங்கள். நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் ஏறவேண்டும். ஒரு முழு நாள் ஏறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

பொருளாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு: பிஸ்கட் பெட்டியைவிடப் பிளீச் போத்தல் பெறுமதியானது. பாவோவைக் கொல்லக்கூடிய மலிவான பொருள் அதுதான். ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது 10 லீற்றர் வாளிக்குச் சுமார் 330 மில்லிலீற்றர், பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். சிறுநீரின் மேல் நேரே ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு வரும். பிளீச் வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குறைவதால் ஒரே தடவையில் இருபது போத்தல் வேண்டாம், மாதம் இரண்டு போதும். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளைப் பூனைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அவற்றிலுள்ள ஃபீனோல் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு.

பழைய துவாய், பருத்திப் பெட்சீற், சாரம் எல்லாம் நல்லது. சிப், பொத்தான்களை வெட்டிவிடுங்கள். தலையணையும் பஞ்சு வைத்த போர்வையும் வேண்டாம். நாய்கள் கிழித்துப் பஞ்சை விழுங்கினால் குடல் அடைக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் எதுவும் காயாது, துணி ஆக அதிகமாகத் தேவைப்படும் காலம் அது. வீட்டில் மிஞ்சிய பனடோலைக் கொடுக்கவே வேண்டாம், ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான தெள்ளு மருந்துகளிலும் பெர்மெத்ரின் உள்ளவை பூனைக்கு ஆகாது.

சாப்பாடு கொடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டுச் சமையுங்கள். 12 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, எலும்பு நீக்கிய 200 கிராம் கோழி இறைச்சி என்று கணக்கு வைக்கலாம். ஐம்பது நாய்க்கு 5 கிலோ அரிசி, 10 கிலோ இறைச்சி, கூடக் கொஞ்சம் அவித்த பூசணி. உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எதுவும் சேர்க்கக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் செங்குருதிக் கலங்களையும் உடைக்கும். கலியாண வீட்டில் மிஞ்சிய பிரியாணியை அனுப்பாதீர்கள்: எண்ணெய், வெங்காயம், வெந்த எலும்பு மூன்றும் அதில் உண்டு. வெந்த எலும்பு கூராய் உடைந்து குடலைக் குத்தும். ஐம்பது நாய்க்கு ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால் கழுவுவதற்கு இருப்பது இரண்டு பேர். மச்சம் தொடாத வீடுகள் அரிசி, பூசணி, பத்திரிகை, பிளீச் கொடுத்தாலே தாராளம். பூனைக்கு மட்டும் சைவச் சாப்பாடு ஆகாது, இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும்.

பணம் பற்றி: பேஸ்புக்கில் இரத்தம் வடியும் படம் வந்த அன்று வந்து குவிவதைவிட, மாதம் 1,000 ரூபா தவறாமல் வருவது மேல். சம்பளமும் அரிசியும் மாதாமாதம் வருகிற செலவுகள், எனவே வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிடுங்கள். சிகிச்சைக்கு என்றால் கிளினிக்கின் கணக்கிலேயே பில்லைக் கட்டலாம். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி: கணக்கு அமைப்பின் பெயரிலா, எந்த வைத்தியர் பார்க்கிறார், வளர்ந்த பிராணிகளைக் கருத்தடை செய்துதான் தத்துக் கொடுக்கிறார்களா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே கூடுகள் ஒருநாளும் குறையப்போவதில்லை.

உங்கள் ஒழுங்கையில் நிற்கும் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விப்பதும் காப்பகத்துக்குச் செய்யும் உதவிதான். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கை இலங்கையில் 2006 இல் வந்தது. அதற்குப் பிறகு தொகையைக் குறைக்க இருக்கும் வழி கருத்தடைதான். ஆறு மாதத்திலேயே பருவம் வரலாம், ஆண்டுக்கு இரண்டு முறை, சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு நாயை நிறுத்தினால் எத்தனை பெட்டிகள் குறையும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு வாரம் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்து, தொட விடுமளவுக்குப் பழக்குங்கள். மாநகர சபையிடமோ காப்பகத்திடமோ கேட்டுத் திகதி எடுங்கள். முதல் நாள் இரவே கேற்றுக்குள் அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் எதையாவது தின்றுவிடும், நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பருவத்தில் இருந்தால் சத்திரசிகிச்சையில் இரத்தப்போக்கு கூடலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓட்டோக்காரரிடமும் நாய் ஏற்றப்போவதாக முதலே சொல்லி, சீற்றில் பொலித்தீன் விரியுங்கள். அதே நாளில் விசர்நாய் நோய்த் தடுப்பூசியையும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான்: அன்று மாலையே மழையில் விட்டால் காயம் பிரிந்துவிடும். 7–10 நாள் உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, பிறகு எடுத்த அதே ஒழுங்கையில் விடுங்கள். வேறிடத்தில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடிக்கும், இங்கே வெறுமையான இடத்துக்குக் கருத்தடை செய்யாத புதிய நாய் வந்துசேரும்.

கடித்தாலோ நகம் கீறி இரத்தம் வந்தாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசவேண்டாம். காப்பகத்தில் தொடர்ந்து வேலை செய்ய எண்ணுபவர்கள் விசர்நாய் நோய்க்கான முற்கூட்டிய தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்கவேண்டும்.

தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, டிசம்பர் 31 இரவுகளில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு நாய்கள் வீட்டைவிட்டு ஓடும். கழுத்துப் பட்டியோடு ஒன்று வந்தால் காப்பகத்துக்கு ஏற்றிவிடாதீர்கள், அதன் வீடு பெரும்பாலும் நாலைந்து ஒழுங்கைக்குள்தான் இருக்கும். தண்ணீர் வைத்து விறாந்தையில் கட்டிவையுங்கள். படத்தை அயலவர் வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு, விடியும்வரை பொறுத்திருங்கள்.