எக்ஸ்எல்லில் வந்த தாய்மாமன்

நேற்று கல்யாண மண்டப வாசலில் என் சித்தப்பாவை நிறுத்திவிட்டார்கள். "சரக்கு வண்டியெல்லாம் பின்பக்கம் போப்பா." மணப்பெண்ணுக்கு அவர்தான் தாய்மாமன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார், அவ்வளவுதான் காரணம். அடுத்து புல்லட்டில் வந்த பையனுக்கு "வாங்க சார்".

இத்தனைக்கும் புல்லட்டும் உழைக்க வந்த வண்டிதான். 1950-களில் திருவொற்றியூரில் தயாரிக்க ஆரம்பித்ததே ராணுவம் கேட்டதால்தான். அது எப்போது அந்தஸ்து ஆனது?

சித்தப்பா பல வருஷமாக விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்புகிறவர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே கத்தரிக்காய் மூட்டை, கால் வைக்கும் இடத்தில் வெங்காய மூட்டை, ஹேண்டிலில் கீரைக்கட்டு. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, நூறு சிசிகூட முழுசாக இல்லை. அந்த வண்டியில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மழைக்காலத்தில் அந்தப் பாரத்தோடு பாலம் ஏறுவது எவ்வளவு பெரிய வித்தை என்று பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து போன எனக்குத் தெரியும்.

வாசலில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைப் பின்பக்கம் நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீர்த்தட்டோடு உள்ளே வந்தார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.