கித்தோல இருந்து கோட்டோபாக்ஸி: பனி பாக்கத்தான் கிளம்பினோம்

எக்வடார் தலைநகரம் கித்தோல எட்டு நாள் தங்கினோம், நானும் இவரும். நான் வளந்தது குன்னூர் பக்கம், அதனால மலை எனக்குப் பழக்கம்னு ஒரு தைரியம் இருந்துச்சு. ஆனா கித்தோ இருக்கிறது 2850 மீட்டர்ல, நம்ம தொட்டபெட்டா 2637, மூணாறு பக்கம் ஆனைமுடி 2695, அப்போ தென்னிந்தியாவோட எல்லா சிகரத்துக்கும் மேல ஒரு பெரிய ஊரே உக்காந்திருக்கு, அதுல மெட்ரோ ரயில் எல்லாம் ஓடுது. ஹாஸ்டல் மாடிப்படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கினோம்.

இந்த ஊர்ல இருந்து ஒருநாள் டூர் ஏகப்பட்டது இருக்கு. ரோட்டுக்கு ரோடு ஏஜென்சி. இதுல எதை முதல்ல போறது, எதைக் கடைசில போறதுங்கறதுதான் முக்கியம், அதை யாரும் எங்களுக்குச் சொல்லல. வந்த மறுநாளே ஒரு ஏஜென்சில "எல்லாரும் போறாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி கேபிள் கார்ல பிச்சிஞ்சா மலைக்கு ஏத்தி விட்டுட்டாங்க. இருபது நிமிஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 4000 மீட்டர். மேல இறங்கினதும் இவருக்குத் தலை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி, ஊரோட அழகு கீழ விரிஞ்சு கிடக்கு, மனுஷன் பெஞ்சுல கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரு. அங்க இதுக்கு சொரோச்சேன்னு பேரு. கீழ வந்து கோகா இலை டீ குடிச்சு, ராத்திரி முழுக்கப் படுத்துதான் சரியாச்சு. தயவு செஞ்சு முதல் மூணு நாள் உயரமான டூர் எதுவும் போட்டுடாதீங்க.

அதுக்கப்புறம் நாங்களே வரிசை போட்டோம். முதல்ல பூமத்திய ரேகை நினைவுச்சின்னம், அது கித்தோவை விடக் கொஞ்சம் இறக்கத்துலதான் இருக்கு. 30 மீட்டர் உயரக் கல் கட்டடம், மஞ்சள் கோடு, அதுல ஆளாளுக்கு ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் வச்சு போட்டோ. நிஜமான ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி வடக்கால போகுது, ஜிபிஎஸ் வந்தப்புறம்தான் அது தெளிவாத் தெரிஞ்சுது. ஆனாலும் 1736ல பிரான்ஸ்ல இருந்து விஞ்ஞானிங்க வந்து, இந்த மலைகள்ல வருஷக்கணக்கா சங்கிலி இழுத்து அளந்து, பூமி நடுவுல பருத்து இருக்குன்னு உறுதிப்படுத்தினாங்களே, அந்த உழைப்பை நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. பக்கத்துல தொட்டில தண்ணி சுழல்றதைக் காட்டி ரேகைக்கு வடக்கே ஒரு பக்கம், தெற்கே இன்னொரு பக்கம்னு சொல்வாங்க, அதை நம்பாதீங்க, பூமி சுழல்றதால வர்ற விசை சின்னத் தொட்டில தெரியவே தெரியாது, ஊத்துற விதத்துலதான் இருக்கு எல்லாம். அடுத்து மிந்தோ, மேகக்காடு, ரெண்டு மணி நேரம் இறங்கிப் போகணும், தேன்சிட்டு மாதிரி ஆனா அதை விடக் குட்டியா ரீங்காரச் சிட்டுங்க காது பக்கத்துல வந்து நிக்கும். சனிக்கிழமை ஒத்தவாலோ சந்தை. அதெல்லாம் நல்லா இருந்துச்சு.

ஆறாம் நாள்தான் கோட்டோபாக்ஸி. 5897 மீட்டர், உயிருள்ள எரிமலை, 2015ல சாம்பல் கக்குச்சு, 2022லயும் மறுபடி ஆரம்பிச்சுது, அதனால எது வரைக்கும் விடுவாங்கன்னு போறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும். காலைல ஆறரைக்கு வேன். கைடு அந்த அடிவாரத்து ஊர்க்காரர், எங்க அப்பா வயசு இருக்கும், மாடு மேய்க்கிற குடும்பமாம், கம்பளி போன்ச்சோ போட்டுட்டு வந்தாரு. வாய்க்கு வாய் "டெஸ்பாசியோ, டெஸ்பாசியோ"ம்பாரு, மெதுவா மெதுவான்னு.

பூங்கா வாசல் தாண்டினதும் ரெண்டு பக்கமும் பைன் மரக்காடு. அழகா இருக்கேன்னு நான் சொன்னதும் அவரு வேனை நிறுத்தச் சொல்லி எங்களை இறக்கி உள்ள கூட்டிட்டுப் போனாரு. கீழ காஞ்ச ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கு, அதுல புல் பூண்டு ஒண்ணு இல்ல, குருவிச் சத்தம் இல்ல, மண்ணைக் கிள்ளினா பொடிப்பொடியா உதிருது. எதுவும் பேசாம மறுபடி வேன்ல ஏத்தி இன்னும் மேல போயி மரமே இல்லாத புல்வெளில நிறுத்தினாரு. இதுக்குப் பேருதான் பாரமோ. தரையோட தரையா பச்சைக் குஷன் மாதிரி ஒரு செடி, அங்க அதைத் தலையணைச் செடின்னுதான் சொல்றாங்க, மிதிக்கக் கூடாது, கைய மட்டும் வச்சுப் பாருன்னாரு. வச்சேன். ஜில்லுன்னு, ஈரத்துணிய அமுக்கின மாதிரி உள்ளங்கை நனைஞ்சு போச்சு, மழை பேஞ்சு ரெண்டு நாள் ஆகியும்! மூடுபனிலயும் மழைலயும் வர்ற தண்ணிய இந்த மண்ணும் செடியும் பிடிச்சு வச்சு சொட்டு சொட்டா விடுது, கித்தோ ஜனங்க குடிக்கிற தண்ணில பெரும்பங்கு இந்த மாதிரி பாரமோல இருந்துதான் வருதாம், பைன் வேத்து நாட்டு மரம், நட்ட இடத்துல மண்ணை வறட்டிடுதுன்னாரு.

எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. எங்க நீலகிரில நடந்ததும் இதேதானே. சோலையும் புல்வெளியுமா இருந்த மலைல சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டு, எத்தனை சதுப்பு காஞ்சு போச்சு, சின்ன வயசுல தண்ணி மொண்ட ஓடை இப்ப மாசிலயே வத்திடுது. இதை அவருக்கு இங்கிலீஷும் கையுமா சொன்னேன், புரிஞ்சுகிட்டு ரொம்ப நேரம் தலைய ஆட்டிட்டே இருந்தாரு. அப்புறம் ஆரஞ்சு கலர்ல முள்ளு முள்ளா இருக்கிற சுக்கிராகுவா பூ ஒண்ணைக் காட்டினாரு, இவ்வளவு குளிர்லயும் அதுல தேன் குடிக்க மலைல வாழுற ரீங்காரச் சிட்டு வருமாம்.

அப்புறம் மேல வேன் போற வரைக்கும் போயி, சுமார் 4600 மீட்டர்ல இறங்கி, 4864ல இருக்கிற தங்குமிடத்துக்கு நடை. தூரம் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், எங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. தரை முழுக்க செவப்பும் கருப்பும் கலந்த எரிமலை மணல், ஒரு அடி வச்சா அரை அடி சறுக்கும். காத்துல கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல பாதிய விடக் கொஞ்சம்தான் அதிகம். இருபது அடி நடந்து நிப்போம், அவரும் நிப்பாரு, ஒரு தடவை கூட அவசரப்படுத்தல. இவரு இந்தத் தடவை தலைவலி இல்லாம வந்துட்டாரு, ஆறு நாள் பொறுத்ததோட பலன் அது. மேல சூடா சாக்லேட் பால், கையுறை கழட்டி கப்பைப் பிடிச்சப்பதான் விரல் மரத்துப் போனதே தெரிஞ்சுது. மேகம் கொஞ்சம் விலகி தலைக்கு மேல பனி தெரிஞ்சுது, ஒரு அஞ்சு நிமிஷம். அவரு சின்னப் பையனா இருந்தப்ப பனி இன்னும் கீழ இறங்கி இருந்துச்சாம்.

இறங்கும்போது லிம்பியோபுங்கோ ஏரிய சுத்தி நடந்தோம். வெட்டவெளில வேன் அளவுக்குப் பாறைங்க அங்கங்க கிடக்கு, எரிமலை வெடிச்சு பனி உருகி சேறா ஓடுறப்ப உருட்டிட்டு வந்ததாம். 1877ல அப்படி வந்த சேறு லதகுங்கா ஊரை அழிச்சு, பசிபிக் கடல் வரைக்கும் போச்சாம். மதியம் லோக்ரோ, உருளைக்கிழங்கு சூப்புல சீஸும் அவகாடோவும் போட்டுத் தருவாங்க, கூட வறுத்த சோளம். அந்தக் குளிருக்கு அமிர்தம்.

போறவங்களுக்கு: டூர் புக் பண்றப்ப விலைய மட்டும் கேக்காதீங்க, கைடு லைசென்ஸ் உள்ளவரா, அந்தப் பக்கத்து ஆளான்னு கேளுங்க. எக்வடார்ல 2000ல இருந்து அமெரிக்க டாலர்தான் பணம், சில்லறை நோட்டா வச்சுக்கோங்க, பெரிய நோட்டை வாங்க மாட்டாங்க. கையுறை, காது மூடுற குல்லா, சன்ஸ்கிரீன் மூணும் கட்டாயம். மதியத்துக்கு மேல மேகம் மூடிடும், அதனால சீக்கிரம் கிளம்புற வேனாப் பாத்து எடுங்க. பைன் காட்டுக்கிட்ட வேன் நிக்கலைன்னா நீங்களே நிறுத்தச் சொல்லுங்க.