வட்டம் போடாத நாட்கள்

2024 ஜனவரி 6, சனி

புது மாதக் காலண்டரை ஆணியில் மாட்டியதும் அம்மா செய்யும் முதல் வேலை, அதில் நூல் கட்டி ஒரு பேனாவைத் தொங்கவிடுவது. உப்பளத்துக்கு வேலைக்குப் போன நாளுக்கு ஒரு வட்டம். சனிக்கிழமை கணக்குப்பிள்ளை சொல்லும் நாள் கணக்கும் இந்த வட்டங்களும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அம்மா அவரை விடமாட்டாள். இன்று சனிக்கிழமை. ஜனவரியில் இதுவரை ஒரு வட்டம்கூட இல்லை.

டிசம்பர் 17, 18 மழையைப் பற்றி இன்னும் எழுத என்ன இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நின்றதை எல்லாச் சேனலிலும் பார்த்தோம். தட்டுமேட்டில், அதாவது வாரிய உப்பைச் சேர்த்துவைக்கும் மேட்டில், குவித்திருந்த உப்பு கரைந்துபோனதற்கு அவ்வளவு படம் கிடைத்திருக்காது. அம்பாரம் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அதை எப்படிக் காட்டுவது?

எங்கள் கார்டுக்கு வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வந்தது. பாய், அடுப்பு, அரிசி என்று நாலே நாளில் தீர்ந்தது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இருக்காது என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்கென்று சீட்டுப் போட்டுச் சமாளிப்பார்கள். ஜனவரியில் சேறு எடுக்கும் வேலை தொடங்கிவிடும் என்பது கணக்கு. இந்த வருஷம் "தண்ணி வடியட்டும், சொல்லி அனுப்புறேன்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். சொல்லி அனுப்பவில்லை.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

மிதி வேலை ஆரம்பம். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பு மண் ஒட்டாமல் வரும். வெள்ளம் கொண்டுவந்த வண்டலை வெட்டி எடுப்பதற்கே ஆட்கள் பத்தவில்லையாம். தண்ணீரில் மூழ்கிய மோட்டார் பம்புகளும் பழுதுக்குப் போயிருக்கின்றன.

அம்மா முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டாள். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. முன்பணம் தீரும்வரை வேறு அளத்துக்குப் போக முடியாது, பக்கத்து அளத்தில் கூலி கூட்டிக் கொடுத்தாலும்.

2024 ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். அம்மா விரலில் மை வைத்த பெண் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்பு தின்ற விரலில் மை எங்கே ஒட்டும் என்று யோசித்திருப்பாள்.

இப்போது அதிகாலை மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள். நெற்றியில் கட்டும் டார்ச் லைட்டைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்பார்கள். அம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆறு மணிக்குப் போவார்களாம். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நேரம் முன்னால் நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து நிற்கிறது. இதற்கு மேல் நகர்த்தினால் முந்தின நாளில் போய் முட்டும்.

உப்பளத்து வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, பாத்தியிலிருந்தும் எழும்பும். வெள்ளைத் தரை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். வானிலைத் துறையின் கணக்குப்படி, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் அது வெப்ப அலை. அந்த அளவு நிழலில் எடுப்பது. பாத்தியில் நிழல் ஏது?

தண்ணீர் குடிக்கச் சொல்லி நானும் தினமும் சொல்கிறேன். அம்மா போகிற அளத்தில் கழிப்பறை கிடையாது. விடிந்த பிறகு நாலு பக்கமும் வெட்டவெளி. அதனால் பெண்கள் குடிப்பதே இல்லை. மதினிக்குப் போன வருஷம் நீர்க்கடுப்பு வந்து இரண்டு வாரம் படுத்தாள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்கு ஆபத்தாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு உனக்கு முன்னால ஒண்ணு போச்சு, தெரியும்லா" என்றாள். தெரியாது. இன்றுதான் தெரியும்.

2024 மே 18, சனி

நேற்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், ஒரு பையன் போய்விட்டான். இங்கே இரவெல்லாம் மழை. அம்மா மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

2024 மே 22, புதன்

ஐந்தாவது நாளாக வட்டம் இல்லை.

வெளியூரில் இருக்கும் சிநேகிதி, "கோடையில மழைன்னா குளுகுளுன்னு இருக்குமே" என்று மெசேஜ் போட்டாள். அவளுக்காக எழுதுகிறேன். நல்ல உப்பு விளைவது ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் உப்புத் தண்ணீரைத் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்தில் நிறுத்தி, பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரி என்றால், இது 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு பூக்கும். டிகிரி என்றால் சூடு இல்லை, தண்ணீரின் கனம். அதைப் பார்க்க மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ஒரு ராத்திரி மழை பெய்தால் அந்தக் கனமெல்லாம் கரைந்துபோய், திரும்ப முதலிலிருந்து. மழை ஒரு நாள்தான், ஆனால் வேலை போவது பத்துப் பதினைந்து நாள். அவளுக்குக் குளுகுளு, எங்களுக்கு வேலையில்லாத் திண்டாட்டம்.

வெயில் கூடினால் உப்புக்கு லாபம்தானே என்று நானும் நினைத்ததுண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று பிறகுதான் படித்தேன். பிடித்ததை என்றாவது ஒரே மூச்சில் கொட்டும். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் கொட்டியது. போன டிசம்பரில் கொட்டியது. இப்போது மே மாதத்தில்.

முதலாளிக்கும் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உப்பு தட்டுப்பாடானால் விலை ஏறும். கையிருப்பு உள்ளவருக்கு அதில் ஓரளவு ஈடாகிவிடும். மழை பெய்ததற்காகக் கூலி ஏறிய கதை இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை.

2024 மே 23, வியாழன்

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அம்மாவோடு உப்பு வாரும் அத்தை ஒருத்தி ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு வந்தாள்.

"ஏட்டி, அந்த ஐயாயிரம் எழுதிக் குடு. மழை பெஞ்சு வேலை இல்லைல்லா."

2022இல் அரசு தொடங்கிய திட்டம் அது. மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் அந்த மூன்று மாதத்துக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் மழைக்காலம் என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

"அத்தை, அது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். இது வைகாசி."

"மழைக்கு அது தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. ஜெராக்ஸுக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன். (கடை முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

2024 மே 31, வெள்ளி

மே மாத வட்டங்கள்: 14. போன வருஷம் மே: 24. பழைய காலண்டரை அம்மா பரணில் வைத்திருப்பதால் எண்ண முடிந்தது. 2017 வரைக்கும் இருக்கிறது, அதற்கு முந்தியதைக் கரையான் எண்ணிவிட்டது.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

அளத்தைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் கடைசியில் அவரும் கேட்டுவிட்டார்: "உப்பளத்துக்காரங்க செத்து எரிச்சாலும் பாதம் மட்டும் வேகாதாமே?" இதைக் கேட்காமல் எங்களைப் பற்றி யாராலும் எழுத முடியாதா? அம்மா சிரித்துக்கொண்டே, "செத்தவங்க காலைப் பத்தி எனக்கென்ன தெரியும், உசுரோட இருக்கிற காலுக்கு ஒரு பூட்ஸ் வாங்கித் தரச் சொல்லுங்க" என்றாள்.

போகும்போது எங்கள் வீட்டுக் கரண்ட் கணக்கையும் பார்த்தார். ஒரு ஃபேன், மூன்று லைட், ஒரு டிவி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடிந்துவிடும், அதனால் பில் பூஜ்யம். மொட்டை மாடியில் ஏறினால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரியும். அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

2024 அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. போனஸ் பேச்சுவார்த்தை முடிந்து கொஞ்சம் பணம் வந்தது, முன்பணம் போக மிச்சத்தில் எனக்கு ஒரு சுடிதார்.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதனால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். மதினி கேட்டாள்: "சாகாம மயங்கி விழுந்தா?" அவள் ஜூனில் ஒரு தடவை தட்டுமேட்டில் விழுந்தவள். தூக்கி உட்காரவைத்து, மோர் கொடுத்து, அரை நாள் கூலியோடு அனுப்பினார்கள்.

5,000 ரூபாய்க்கான பட்டியலில் அம்மா பெயர் இருக்கிறது, மதினி பெயர் இல்லை. அவள் இரண்டு அளத்தில் மாறி மாறிப் போகிறவள். இரண்டு அளத்துக்காரர்களுமே "அடுத்த அளத்தில் எழுதியிருப்பாங்க" என்று விட்டுவிட்டார்கள். நாளைக்கு லீவு, மறுநாள் மனு எழுத வேண்டும்.

2024 டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. விளக்கை வாசலில் வைக்க முடியவில்லை. நேற்றிலிருந்து விடாத மழை, தாமிரபரணியில் வெள்ளம். போன வருஷம் மாதிரி ஆகிவிடுமோ என்று தெருவே தூங்கவில்லை. சாமான்களைக் கட்டிலுக்கு மேலே ஏற்றிவிட்டோம். காலண்டரையும் கழற்றி பாலித்தீன் பையில் சுற்றி அம்மா பரணில் வைத்தாள்.

விளக்குகளை வீட்டுக்குள்ளேயே வரிசையாக வைத்தோம். மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், அவள் வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது. மனு என்னாச்சு என்று கேட்டாள். கொடுத்தாச்சு, இன்னும் பதில் இல்லை என்றேன்.

"இந்தத் தடவை மழை சரியான மாசத்துலதான் வந்திருக்கு" என்றாள் அம்மா, திரியைத் தூண்டிக்கொண்டே. மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்ட் போனபோது மணி ஒன்பது இருக்கும். தெருமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க நானும் மதினியும் அம்மாவின் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனோம். இரண்டாவது மின்கம்பம் வரை வந்திருந்தது.