138 புள்ளிகள் விழுந்த ஊர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்று ஒரு சிறிய ஊர். டெ மாய்ன் நகரத்திலிருந்து இன்டர்ஸ்டேட் 80 சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் வந்தால் போதும். நாங்கள் எதிர்த்திசையில் சிகாகோவிலிருந்து புறப்பட்டோம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியதும் இருபக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோளக்காடு, மேலே பனி. மணிக்கணக்காக அதே காட்சிதான்.

கூட வந்தவன் அத்தை மகன். கோயம்புத்தூரில் கல்லூரி கூடைப்பந்து அணிக்கு கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுக்கும் ஆளாக, ஆடியவன். “மச்சான், ஒரு பாஸ்கூடக் கொடுக்காம 138 பாயின்ட் அடிச்சவன் ஆடின இடத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வர்றோம்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். ஆமாம், அதற்காகத்தான் போனோம். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டத்தை டிவியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கிரின்னல் கல்லூரி மூன்றாம் டிவிஷனில், அதாவது கல்லூரி விளையாட்டின் கடைசி அடுக்கில், ஆடும் கல்லூரி. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிக்க வந்த பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவ்வளவுதான்.

2012 நவம்பர் 20 அன்று கிரின்னல், ஆங்கெனி ஊரின் ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரியை 179க்கு 104 என்று தோற்கடித்தது. ஜாக் டெய்லர் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர், 5 அடி 10 அங்குல உயரம், 36 நிமிடம் ஆடி 138 புள்ளிகள் எடுத்தார். முதல் பாதியில் 58, இரண்டாம் பாதியில் 80. மொத்தம் 108 ஷாட் போட்டு 52 விழுந்தன. அதில் தூரக் கோட்டுக்கு வெளியே இருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட் மட்டும் 71, விழுந்தவை 27. எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ பத்துக்கு ஏழு. நிமிடத்துக்கு மூன்று ஷாட் என்று கணக்குப் போட்டால் அந்த உழைப்பு புரியும். இருபது விநாடிக்கு ஒரு முறை ஓடி, இடம் பிடித்து, பந்தை வாங்கி எறிய வேண்டும். 36 நிமிடமும் இதே வேலை.

அசிஸ்ட், அதாவது இன்னொருவர் கூடை போட வழிவகுத்த பாஸ், என்ற கட்டத்தில் பூஜ்யம். என் மச்சானுக்கு எரிச்சல் அதில்தான். ஆனால் கிரின்னல் எப்படி ஆடும் என்று தெரிந்தால் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

1989இல் பயிற்சியாளராக வந்த டேவிட் அர்செனோ ஓர் ஆட்ட முறையை உருவாக்கினார். அங்கே எல்லோரும் அதை ‘சிஸ்டம்’ என்றே சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு 94 ஷாட் போட வேண்டும், அதில் பாதி மூன்று புள்ளி ஷாட்டாக இருக்க வேண்டும். தவறியதில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி கைப்பற்ற வேண்டும் (இதுதான் ரீபவுண்ட்). எதிரணியிடம் 32 டர்ன்ஓவர் வாங்க வேண்டும், அதாவது ஷாட் போடும் முன்பே அவர்கள் பந்தை இழக்க வேண்டும். எதிரணியைவிட 25 ஷாட் கூடுதலாகப் போட வேண்டும். இந்த ஐந்தும் நடந்தால் வெற்றி என்பது கணக்கு. ஸ்கோர்ஷீட்டை ஆட்டம் முடிந்த பிறகு பார்ப்பதுதான் எல்லா அணிகளின் வழக்கம். இங்கே ஆட்டத்துக்கு முன்பே அதை எழுதி வைத்துவிட்டு ஆடுகிறார்கள். எனக்கு இந்த அணியைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

டார்பி ஜிம்னேசியத்தில் நாங்கள் உட்கார்ந்தது ஸ்கோரர் மேஜைக்கு நேர் பின்னால். நிமிடம்கூட ஆகாது, ஐந்து பையன்கள் மேஜை அருகே வந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஹாரன் அடித்ததும் உள்ளே இருக்கும் ஐவரும் மூச்சு வாங்க வெளியே வர, இவர்கள் புயல் மாதிரி பாய்வார்கள். முழு மைதானத்துக்கும் பிரஸ், எதிரணியைப் பந்தோடு நகரவிடாமல் நெருக்குவது. அது உடைந்தால் எதிரணிக்கு லே-அப், கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் எளிய ஷாட், சும்மா கிடைக்கும். கிடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், பந்து சீக்கிரம் கைக்குத் திரும்பி வந்தால் போதும்.

ஆட்டத்தைவிட அந்த மேஜையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒரு மாணவி மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே போகிறாள்: எண், ஷாட், தவறியது, ரீபவுண்ட், எண். பக்கத்தில் இருந்த பையன் திரையை மட்டும் பார்த்துத் தட்டுகிறான். ஐந்து பேர் ஒரேயடியாக மாறும்போதெல்லாம் பத்து எண்களை மாற்ற வேண்டும். பந்து ஒன்றும் காத்திருக்காது. இடைவேளையில்தான் அவள் தண்ணீர் பாட்டிலைத் தொட்டாள். 108 ஷாட் போட்ட அந்த இரவில் இதே வேலையைச் செய்தவர்கள் யாரோ, அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

சரி, 2012க்கு வருவோம். அந்த ஸ்கோர்ஷீட்டில் நான் அதிகம் நிற்பது எதிரணியின் ஒரு வரியில். டேவிட் லார்சன், 44க்கு 34, மொத்தம் 70 புள்ளிகள். தோற்ற அணியில் ஒருவர் எழுபது! நூற்றுக்கு 77 ஷாட் விழுந்திருக்கிறது. டெய்லருக்கு 48. வேறு எந்த இரவாக இருந்தாலும் அமெரிக்கா முழுவதும் லார்சன் பெயர்தான் பேசப்பட்டிருக்கும். அன்று அது இரண்டாவது செய்தியாகிவிட்டது. கிரின்னல் பின்பக்கத்தைத் திறந்து போட்டு ஆடியது, அதனால் கூடைக்கு அருகே அவருக்கு வாய்ப்பு குவிந்தது, உண்மைதான். ஆனாலும் பிரஸ்ஸை உடைத்துக்கொண்டு ஓடிப்போய் 34 முறை போட்டது அவர்தானே.

டெய்லரின் 138ஐக் கழித்தால் கிரின்னலின் மற்றவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து 41 புள்ளிதான். முந்தைய ஆட்டங்களில் அவருக்கு ஷாட் சரியாக விழவில்லை, எறிந்து எறிந்துதான் கை திரும்பும் என்று அணியே அவருக்காக ஆடியிருக்கிறது. தங்கள் ஷாட்டை விட்டுக்கொடுத்த பையன்களின் வரிகள் மெலிந்து கிடக்கின்றன. என் கண்ணுக்கு அந்த வரிகளும் அழகுதான். எதிரணியைக் கேவலப்படுத்திய ஆட்டம் என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அடுத்த ஆண்டு நவம்பரிலும் டெய்லர் 109 அடித்தார். ஒரு இரவு அதிர்ஷ்டம் என்றும் தள்ள முடியாது.

ஊரில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லூயி சல்லிவன் வடிவமைத்து 1914இல் கட்டிய வங்கிக் கட்டடம். செங்கல் பெட்டி போன்ற கட்டடத்தின் முகப்பில் வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னல், சுற்றிலும் சுடுமண் வேலைப்பாடு. இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

திரும்பும் வழியில் மச்சான் கொஞ்சம் இறங்கி வந்தான். “லார்சன்தான்டா என் ஆளு” என்றான். அப்புறம் அவனே போனில் தேடி, டெய்லருக்கு முன் உச்சத்தில் இருந்தவரின் கணக்கை எடுத்தான். ஓஹையோவின் ரியோ கிராண்ட் கல்லூரிக்காக பீவோ ஃபிரான்சிஸ் 1954 பிப்ரவரி 2 அன்று ஹில்ஸ்டேல் கல்லூரிக்கு எதிராக எடுத்த 113. மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலம். விழுந்த ஷாட் 38, அதோடு 42 ஃப்ரீ த்ரோவில் 37. அத்தனை முறை ஃபவுல் செய்தும் ஆளை நிறுத்த முடியவில்லை! வசந்தகாலத்தில் ரியோ கிராண்ட் போகலாம் என்று காரிலேயே முடிவாகிவிட்டது.