கீழ்க்குரலைத் தேடி

வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்களால் மட்டுமே பாடும் அக்கபெல்லா குழுவைச் சென்னையில் தொழில்முறையாகத் தொடங்க நாங்கள் ஐந்து பெண்கள் முடிவு செய்தோம். ஐவருக்கும் மேல்ஸ்தாயி அநாயாசமாக வரும். கீழே தாங்கத்தான் ஆள் இல்லை. முதல் ஒலிப்பதிவைக் கேட்டபோது பாட்டு அந்தரத்தில் தொங்கியது.

கர்நாடக இசை பயின்ற பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டை என்னும் சுருதியில் பாடுகிறோம். அதில் ஆதார ஸ்வரமான சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே வரும் மந்தர பஞ்சமம் 147. அதற்கும் கீழே போனால் பலருக்குக் குரல் வெறும் காற்றாகிவிடும். ஆண்களில் அடிக்குரல் பாடுபவர் 82 வரைகூட இறங்குவார். "ஓர் ஆணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாஷிங்டனில் 1973-இல் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் தொடங்கிய 'ஸ்வீட் ஹனி இன் த ராக்' என்ற கறுப்பினப் பெண்கள் குழுவில் அடிக்குரல் பாடிப் பெயர் பெற்றவர் இசாயே பார்ன்வெல் என்ற பெண்தானே!

எங்கள் ஆறாவது பெண் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கிடைத்தார். சிறு வயதில் "ஆண்குரல்" என்று சொல்லிப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவர். தயங்கித் தயங்கி, எங்கள் ஐந்து கட்டையில் அந்தப் பஞ்சமத்துக்கும் கீழே உள்ள மந்தர மத்யமத்தைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் குரல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் வந்து அமர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் கீழ் ஒலிகள் இன்னும் தடித்துக் கேட்கும். அவர் அப்படிப் பிடிப்பார், நாங்கள் நான்கு விரல்கடை தள்ளிப் பிடிப்போம்.

அடுத்த சோதனை சுருதி. சுருதி தரும் சிறு ஊதுகருவியான பிச் பைப்பை ஊதிப் பாட்டைத் தொடங்குவோம், முடிந்ததும் மறுபடி ஊதிப் பார்ப்போம். முதல் மூன்று மாதமும் அரைக் கட்டை இறங்கியிருந்தது. குற்றம் என்னுடையது. கர்நாடக இசைப் பழக்கத்தில் காந்தார ஸ்வரத்தை அசைத்துவிடுவேன். மற்றவர்களும் என்னோடு சேர்ந்து சரிவார்கள். அந்த ஸ்வரத்தை அசையாமல் நிறுத்தப் பழகுவதற்குள், பதினைந்து ஆண்டுப் பயிற்சியைக் கழற்றி மாட்டியதுபோல் ஆகிவிட்டது.

கூட்டாண்மைப் பத்திரம், வங்கியில் நடப்புக் கணக்கு எல்லாம் சீக்கிரமே முடிந்தன. கூலி பேசுவதுதான் பெரும்பாடு. முதல் கல்யாணத்தின் ஏற்பாட்டாளர், "வாத்தியமே இல்லையே, பாதித் தொகை போதாதா?" என்று கேட்டார். 1993-இல் வெளிவந்த 'திருடா திருடா' படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டு பிடிக்குமா என்று கேட்டேன். மிகவும் பிடிக்கும் என்றார். அதில் என்னென்ன வாத்தியம் கேட்டீர்கள் என்றேன். சற்று நேரம் யோசித்தார். அதில் குரல்கள்தான் என்று புரிந்ததும் முழுத் தொகைக்கே சம்மதித்து, பாதியை முன்பணமாகக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்த இரவு, மண்டபத்தில் கை கழுவும் இடத்தருகே நின்று பிச் பைப்பை ஊதினேன். கடைசிப் பாட்டின் சுருதி இம்மியும் இறங்கவில்லை. பணத்தை ஏழு பங்காகப் பிரித்தோம். ஆறு எங்களுக்கு, ஏழாவது புதிய மைக் வாங்க.